மூன்றாவது படத்தில், நான்கு நொடி

படம் ஓட்டியது நான்தான்.
நகர மண்டபத்தில் நாற்காலி நூற்றிருபது,
வந்த தலைகள் இருநூற்றுக்குக் குறையாது.
நனைந்த கோட்டுகளின் வாடையாக
மேயோவின் நவம்பர் மாதமே
உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது.

ஐந்து குறும்படம். எல்லாம் இந்த ஊர்.
எல்லாவற்றிலும் மழை.
"மழையில்லாத ஒரு நாள் கிடைக்கவில்லையா?"
என்றார் தபால்காரர் ஃபெர்கஸ்.
"பதினோரு வாரம் காத்திருந்தோம்" என்றாள் ஜுசாரா.
அன்றைய முதல் சிரிப்பு அதுதான்.

முதல் படம், கறி ஆலையின் இரவு வேலை.
கத்தி தீட்டும் சத்தம் எழுந்ததும்
பின்வரிசை பிரேசில்காரர்கள்
தத்தம் மணிக்கட்டைத் தடவிக்கொண்டார்கள்.
ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்ததல்ல.
இருட்டில், என் இடத்திலிருந்து பார்த்தால்,
சிலுவை போடுகிறார்களோ என்றிருந்தது.

இரண்டாவது, கசவானின் ரொட்டிக் கடை.
விளக்கு வந்ததும் அவர் மனைவி ரீமா எழுந்தாள்:
"மாவு பிசைவது என் கை,
முகம் மட்டும் இவருடையதா?"
மகன் ஆங்கிலமாக்கும்போது பாதியை விழுங்கினான்.
அரபி தெரிந்தவர்கள் அதற்குள் சிரித்துவிட்டதால்
விழுங்கியதும் வெளியே வந்துவிட்டது.

மூன்றாவது, சாலைமுனை பெட்ரோல் பங்க்.
கல்லாவில் ஜுனைத்,
லாகூரில் விட்டுவந்த ஸ்கூட்டரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.
அவன் தோளுக்குப் பின்னால், கண்ணாடிக்கு அப்பால்,
ஒருவர் பால் புட்டியோடு சாலையைக் கடக்கிறார்.
இடது கால் சற்று இழுக்கிறது.
நடுவில் நின்று ஒரு காருக்கு வழிவிட்டு
ஒற்றை விரலை உயர்த்துகிறார்.
அவ்வளவுதான். படம் ஸ்கூட்டருக்குத் திரும்பிவிடுகிறது.

"நிறுத்து."

அட்ராக்டா கில்டே. இரண்டாம் வரிசை.
நிறுத்தினேன்.
"பின்னால் போ."
போனேன். விரல் இறங்கியது,
பால் புட்டியோடு பாட்ஸி
பின்காலாகவே கடைக்கு நடந்தார்.

மார்ச்சில் புதைத்தோம் அவரை.
படம் பிடிக்க நிற்கவே மாட்டார்;
நினைவு அட்டைக்குக்கூட
ஓட்டுநர் உரிமத்தில் இருந்த
அந்த முறைத்த முகம்தான் கிடைத்தது.

மூன்று முறை ஓட்டினேன்.
மூன்றாம் முறை யாரும் இருமவில்லை.
அப்போதுதான் ஜுனைத், நின்றபடி,
யாரும் கேட்காமலே:
"தினமும் பத்தே முக்காலுக்கு வருவார்.
வீட்டில் பால் இருக்கிறது என்பார், வாங்கியும் போவார்.
கிரிக்கெட் சொல்லிக்கொடு என்பார்.
எல்பிடபிள்யூ மட்டும் கடைசிவரை புரியவில்லை."

அட்ராக்டா திரும்பிப் பார்த்தாள் அவனை.
"எத்தனை புட்டி
புளித்துப்போய்க் கொட்டியிருப்பேன் தெரியுமா" என்றாள்.
கோபம் போலத்தான் இருந்தது குரல்.
பிறகு, "எல்பிடபிள்யூ என்றால் என்ன?"

சொல்லத் தொடங்கினான்.
இஃப்திகார் குறுக்கே புகுந்து திருத்தினார்.
ஒரு நாற்காலி ஸ்டம்பானது,
ஃபெர்கஸின் கால் காலானது,
மண்டபமே அங்கே சாய்ந்தது.
கவுன்சிலர் மடித்து வைத்திருந்த
'பல மலர், ஒரே தோட்டம்' உரை
பையிலேயே தங்கிவிட்டது. நல்லவேளை.

இத்தோடு முடித்திருந்தால் அழகாக இருந்திருக்கும்.

நான்காவது படம் ஓடியபோது
பாதிப் பேர் தேநீர் வரிசையில்.
மீதிப் பேர் பாட்ஸியைப் பற்றிப் பேச்சில்.
டிராவலர் பெண் டியர்னா
புறவழிச்சாலையோரத்து வண்டிவீடுகளில் எடுத்த படம்:
ஒரே குழாய், அதன் முன் வாளிகள்,
உறைந்த குழாய்க்கு
கெட்டிலில் வெந்நீர் ஊற்றும் அவள் தம்பி.
வசனமே கிடையாது.
எங்கள் இரைச்சல்தான் அதற்குப் பின்னணி.

படம் முடிந்து என்னிடம் வந்தாள்.
"செத்தவருக்கு நான்கு நொடி, மூன்று முறை ஓட்டினாய்.
நாங்கள் எட்டு நிமிடம்
உயிரோடு இருந்தோம்."

பதில் இல்லை என்னிடம்.
கம்பியைச் சுருட்டுவதுபோல் குனிந்துகொண்டேன்.

அடுத்த வியாழன் அதே மண்டபம், அவள் படம் மட்டும்.
முப்பத்தொரு பேர். எண்ணினேன்.
அட்ராக்டா வந்தாள், ஜுனைத்தின் காரில்.
கவுன்சிலர் வரவில்லை.
குழாய் வந்ததும் யாரோ முணுமுணுத்தார்கள்:
"இது நம் ஊரா?"

டியர்னா திரும்பவில்லை.
"பின்னால் போ" என்றாள் என்னிடம்.
போனேன்.